பட்டமும் நியமனக் கடிதமும்

சில மாதங்களுக்கு முன்னர் ஒரு காலைப்பொழுதில் திருகோணமலையிலிருந்து எனக்குத் தொலைபேசி அழைப்பொன்று வந்தது. அழைத்தவர் எனது பழைய நண்பர். கொழும்பில் நாளிதழ் ஒன்றின் ஆசிரியபீடத்தில் நான் பணியாற்றிய காலத்தில், அந்த மாவட்டத்தின் கிராமமொன்றிலிருந்து எமக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்த பிராந்திய நிருபர். அவரது பெயரையோ ஊரையோ இங்கு நான் குறிப்பிடப்போவதில்லை. அதற்கான காரணம் கட்டுரையின் போக்கில் வாசகர்களுக்கே புரியும்.

"மகள் கெம்பஸ் முடிச்சிட்டாள் அண்ணன். கொமியூனிகேஷன் ஸ்டடீஸ். இனி என்ன வேலைக்குப் போகலாம் எண்டு உங்களிட்டக் கேக்கச் சொல்றாள்" என்றார்.

சிறிது நேரம் எனக்குப் பதில் வரவில்லை. முப்பது வருடங்களுக்கும் மேலாகப் பத்திரிகையில் இருந்தவனிடம் கேட்கப்படுகின்ற மிக இயல்பான கேள்விதான் அது. ஆனால், தொடர்பாடல் கற்கையில் எனக்குப் பட்டமும் இல்லை, டிப்ளோமாவும் இல்லை. நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கலைப்பீடத்தில் வரலாறும் தமிழும் படித்தவன். எனது தலைமுறையில் தமிழ்ப் பத்திரிகைக்கு வந்தவர்களில் அநேகமானோர் அப்படித்தான் வந்தனர். அதற்கு முந்திய தலைமுறையில் பலர் பல்கலைக்கழக வாசலையே மிதித்திராதவர்கள். "ஆறுதலாகச் சொல்லுகிறேன்" என்று கூறி அழைப்பை முடித்துக்கொண்டேன். அதன் பின்னர், படித்துவிட்டுப் பத்திரிகைக்கு வந்தவர்களும், படித்துவிட்டுப் பத்திரிகையை விட்டுப் போனவர்களும் பற்றிய நினைவுகள் நாள்முழுவதும் என்னைத் தொடர்ந்தன. அவற்றையே இங்கு எழுதுகின்றேன்.

படித்த பிள்ளைக்கு என்ன வேலை என்ற கேள்வி யாழ்ப்பாணத்துக்குப் புதியதல்ல. 1823 ஆம் ஆண்டு அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் செமினரியை ஆரம்பித்தபோது, சமயப் பணிக்கும் கல்விப் பணிக்கும் சுதேசிகளைப் பயிற்றுவிப்பதே அவர்களது நோக்கமாக இருந்தது. அங்கு ஆங்கிலமும் தமிழும் கணிதமும் வானசாஸ்திரமும் கற்பிக்கப்பட்டன. அக்கல்வி அக்காலத்து ஆசியாவிலேயே சிறந்தவற்றுள் ஒன்றாக மதிக்கப்பட்டது. ஆனால், கற்று வெளியேறியவர்களில் பலர் நாடியது அரசாங்க உத்தியோகத்தை. ஆங்கிலம் படித்தவனுக்குக் கச்சேரியிலும் நீதிமன்றத்திலும் கதிரை காத்திருக்கும்போது, அவன் ஏன் குறைந்த சம்பளத்துக்கு மிஷன் பள்ளிக்கூடத்தில் இருக்கப்போகிறான்? 1855 ஆம் ஆண்டு அமெரிக்காவிலிருந்து வந்த தூதுக்குழு இதனையெல்லாம் ஆராய்ந்தது. அதன் விளைவாகச் செமினரி மூடப்பட்டது. பட்டதாரிகள் தவறான தொழிலைத் தெரிவு செய்கிறார்கள் என்ற மனக்குறையும் ஒரு காரணமாகி ஒரு கல்விக்கூடமே மூடப்பட்ட கதை நமது மண்ணில் உண்டு என்பதை இன்றைய கல்வியாளர்கள் பலர் மறந்துவிட்டனர்.

அந்தச் செமினரி இருந்திராவிட்டால் எமது பத்திரிகை வரலாறு வேறாக இருந்திருக்கும். 1841 ஆம் ஆண்டு ஜனவரியில் வெளிவந்த 'உதயதாரகை'யே இலங்கையின் முதல் தமிழ்ப் பத்திரிகையாகக் கொள்ளப்படுகின்றது. தமிழிலும் ஆங்கிலத்திலுமாக மாதம் இரு முறை வெளிவந்தது. அதன் முதல் ஆசிரியர்களான ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் ஆகிய இருவரும் பெயரைக் கொண்டு நினைக்கக்கூடியவாறு வெள்ளைக்காரர்கள் அல்லர். இருவருமே செமினரியில் படித்து, ஞானஸ்நானத்தில் அப்பெயர்களைப் பெற்ற யாழ்ப்பாணத்துத் தமிழர்கள்.

அங்கு படித்த இன்னொருவர் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை. யாழ்ப்பாணத்தில் இருந்து சென்னைக்குச் சென்றிருந்த பேர்சிவல் பாதிரியார் அங்கு நடத்திய 'தினவர்த்தமானி' பத்திரிகையின் ஆசிரியப் பணிக்கு அவர் அழைக்கப்பட்டார். 1857 ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம் நடத்திய முதலாவது பி.ஏ. பரீட்சையில் சித்தியடைந்த இருவருமே யாழ்ப்பாணத்தவர்கள். ஒருவர் தாமோதரம்பிள்ளை; மற்றையவர் கறோல் விசுவநாதபிள்ளை. அதாவது, தென்னிந்தியாவின் முதற் பட்டதாரிகளில் ஒருவர் பட்டம் பெறுமுன்னரே பத்திரிகாசிரியராக இருந்தவர். பட்டம் பெற்ற பின்னர் அவர் பத்திரிகையில் தங்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆசிரியராக இருந்தார், அரசாங்கக் கணக்குச் சாலையில் உத்தியோகம் பார்த்தார், சட்டம் படித்தார், ஈற்றில் புதுக்கோட்டையில் நீதிபதியானார். இதற்கிடையில்தான் கலித்தொகையையும் வீரசோழியத்தையும் ஏடுகளிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தார். எனது நண்பரின் மகளுக்குச் சொல்வதற்கு இதைவிட நல்ல முன்னுதாரணம் ஏது என்று முதலில் எண்ணினேன். பின்னர் யோசித்துப் பார்த்தபோது, பத்திரிகையை விட்டுப் போனவருக்கே வாழ்வு கிடைத்தது என்ற பொருளும் அதில் இருக்கிறதே என்று தோன்றியது.

இருபதாம் நூற்றாண்டுக்கு வருவோம். 1930 ஆம் ஆண்டு ஆவணிப்பட்டி பெ. பெ. ரா. சுப்பிரமணியம் செட்டியார் கொழும்பில் 'வீரகேசரி'யை ஆரம்பித்தார். அதே ஆண்டில் சுன்னாகத்தில் நா. பொன்னையா 'ஈழகேசரி'யைத் தொடங்கினார். 1932 இல் லேக் ஹவுஸ் நிறுவனத்திலிருந்து 'தினகரன்' வந்தது. ஆரம்பகால வீரகேசரியின் ஆசிரியபீடத்தில் தமிழகத்திலிருந்து வந்தவர்களே பெரும்பாலும் இருந்தனர். பின்னாளில் 'மணிக்கொடி'யுடன் இணைத்துப் பேசப்படுகின்ற வ. ரா. கூடச் சில காலம் அதன் ஆசிரியராக இருந்தவர். அங்கிருந்து வந்த கே. பி. ஹரன் வீரகேசரியிலிருந்து யாழ்ப்பாணம் சென்று 'ஈழநாடு' ஆசிரியரானார். யாழ்ப்பாணத்தில் ஒரு தலைமுறைப் பத்திரிகையாளர்கள் அவரிடம் தொழில் பழகியவர்கள். அந்தக் காலத்தில் ஊடகக் கற்கைக்கு இருந்த ஒரேயொரு பீடம் செய்தி ஆசிரியரின் மேசைதான். எழுதியதைக் கிழித்துக் குப்பைத் தொட்டியில் போடுவார்கள், மறுபடி எழுதவேண்டும், அதுவே விரிவுரை. அந்த 'ஈழநாடு' அலுவலகம் 1981 ஜூன் முதலாம் திகதி, யாழ். பொதுநூலகம் எரிந்த அதே நாட்களில், தீக்கிரையாக்கப்பட்டது. எரிந்தவற்றுள் அந்தப் பட்டறையும் ஒன்று.

ஈழகேசரியின் ஆசிரியராக இருந்த சோ. சிவபாதசுந்தரம் அச்சிலிருந்து வானொலிக்குச் சென்றவர். இலங்கை வானொலியிலும் லண்டன் பி.பி.சி.யிலும் பணியாற்றினார். பி.பி.சி.யின் தமிழ் ஒலிபரப்புக்குத் 'தமிழோசை' என்று பெயர் வைத்தவரும் அவரே. 'ஒலிபரப்புக் கலை' என்று தமிழில் ஒரு நூலையும் எழுதினார். பாடத்திட்டம் இல்லாத காலத்தில் பாடநூலைத் தானே எழுதிக்கொண்ட மனிதர் அவர்.

பல்கலைக்கழகத்துக்கும் பத்திரிகைக்கும் இடையில் ஒரு பாலம் போடப்பட்ட காலமென்றால் அது 1950களின் இறுதிதான். பேராதனையில் தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயின்று 1957 இல் வெளியேறிய க. கைலாசபதி நேரே தினகரனுக்கு வந்தார். 1959 இல் அதன் ஆசிரியரானபோது அவருக்கு வயது இருபத்தாறு. ஈழத்து எழுத்து என்று ஒன்று இருக்கிறது, அது இந்த மண்ணின் மொழியிலேயே எழுதப்படவேண்டும் என்ற வாதத்துக்கு அந்த ஞாயிறு இதழின் பக்கங்களை அவர் திறந்துவிட்டார். 1961 அளவில் பேராதனைக்கே விரிவுரையாளராகத் திரும்பினார். பின்னர் பேர்மிங்ஹாமில் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1974 இல் யாழ்ப்பாண வளாகத்தின் முதல் தலைவரானார். 1982 இல், ஐம்பது வயது நிறையுமுன்னரே காலமானார். அவர் பத்திரிகையில் இருந்தது நான்கு ஆண்டுகளுக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் இருக்கும். ஆயினும், பட்டதாரி ஒருவர் பத்திரிகைக்கு வந்தால் என்ன செய்ய முடியும் என்பதற்கு நாம் இன்றும் அவரைத்தான் காட்டவேண்டியிருக்கிறது. அவருக்குப் பின்னர் தினகரனைப் பொறுப்பேற்ற இ. சிவகுருநாதன் ஒரு சட்டத்தரணி. மூன்று தசாப்தங்களுக்கு மேலாக அந்தக் கதிரையில் இருந்தார். பத்திரிகைத் தொழிலுடன் இன்னொரு தகைமையையும் கையில் வைத்திருப்பது நல்லது என்று மூத்தவர்கள் எங்களுக்குச் சொல்லும்போது அவரையே உதாரணம் காட்டுவார்கள். அதன் உட்பொருள் எனக்கு அப்போது விளங்கவில்லை.

எனது கதைக்கு வருகிறேன். நான் பல்கலைக்கழகத்தில் இருந்த காலம் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத காலம். 1990 இன் பின்னர் பொருளாதாரத் தடை. அச்சுத்தாள் வராது. பத்திரிகைகள் பாடசாலைக் கொப்பிகளுக்கான கோடிட்ட தாளிலும், கிடைத்த நிறத் தாளிலும் அச்சாகி வரும். கோடுகளுக்கு மேலே செய்தி குறுக்கே ஓடும். படிப்புச் செலவுக்காக அத்தகைய பத்திரிகை ஒன்றில் ஒப்புநோக்குநராகச் சேர்ந்தேன். அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில் ஈரத்தாளில் எழுத்துப்பிழை பார்ப்பதுதான் வேலை. எனக்கு எழுத்துப்பிழை பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் ஓர் அச்சுக்கோப்பாளர். எட்டாம் வகுப்புடன் படிப்பை நிறுத்தியவர். ஈய எழுத்துக்களைத் தலைகீழாகவே வாசிப்பார். "தம்பி, நீ கருத்தைப் பார்க்காதை, எழுத்தைப் பார். கருத்தைப் பார்த்தால் பிழை ஒளிச்சுப்போடும்" என்பார். கலைப்பீடத்தில் நான் கற்ற எந்தக் கோட்பாட்டையும் விட அந்த வாசகம் எனக்கு அதிகம் சோறு போட்டிருக்கிறது.

1995 ஒக்டோபர் இடப்பெயர்வுக்குப் பின்னர், பல இடங்களில் அலைந்து, மறு வருடம் கொழும்புக்கு வந்து சேர்ந்தேன். நாளிதழ் ஒன்றில் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுச் சென்றபோது, ஆசிரியர் எனது பட்டச் சான்றிதழைக் கையில் வாங்கவேயில்லை. றொய்ட்டர் செய்தியொன்றைக் கிழித்துக் கொடுத்து, "இருபது நிமிடத்தில் தமிழில் தாரும்" என்றார். அரைப் பக்கச் செய்தி. நாற்பது நிமிடம் எடுத்தேன். அவர் வாசித்துவிட்டு, "தமிழ் இருக்கிறது, வேகம் இல்லை, வேகம் வரும்" என்றார். அன்றிரவே மேசையில் இருத்திவிட்டார்கள். தமிழ்ப் பத்திரிகையாளன் என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டாலும், எங்களில் முக்காற்பங்கினர் உண்மையில் மொழிபெயர்ப்பாளர்களே. வெளிநாட்டுச் செய்தி ஆங்கிலத்தில் வரும். பாராளுமன்றச் செய்தி சிங்களத்தில் வரும். அரசாங்க அறிக்கை இரண்டில் ஒன்றில் வரும். தமிழில் மூலச் செய்தி எங்கிருந்து வரும் என்றால், பிராந்திய நிருபர்களிடமிருந்து மட்டுமே வரும்.

அந்த நிருபர்களைப் பற்றிச் சொல்லாமல் இந்தத் தொழிலைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது.

ஆசிரியபீடத்தில் இருந்த எங்களுக்கு மாதச் சம்பளம், ஊழியர் சேமலாப நிதி, வருட விடுமுறை எல்லாம் இருந்தன. வடக்கு, கிழக்கு, மலையகக் கிராமங்களிலிருந்து எழுதியவர்களுக்கு அவை எதுவும் கிடையாது. பத்திரிகையில் வந்த தமது செய்திகளை வெட்டி, வெள்ளைத்தாளில் ஒட்டி, மாத முடிவில் தபாலில் அனுப்பவேண்டும். நாங்கள் அடிமட்டத்தை வைத்து அங்குலக் கணக்கில் அளந்து, சிட்டை எழுதிக் கணக்குப் பிரிவுக்கு அனுப்புவோம். நாங்கள் வெட்டிச் சுருக்கிய செய்திக்குச் சுருங்கிய காசு. இடமின்மையால் போடாமல் விட்ட செய்திக்குக் காசே இல்லை. அதனை அனுப்புவதற்கு அவர் தொலைநகல் கடையில் செலவழித்த பணத்தைப் பற்றி எவரும் கேட்பதுமில்லை. சில வருடங்கள் அந்த அடிமட்டம் எனது மேசை லாச்சியில்தான் கிடந்தது.

தொலைபேசியில் அழைத்த நண்பர் அப்படி எழுதியவர்களில் ஒருவர். பகலில் ஒரு கூட்டுறவுச் சங்கக் கடையில் வேலை. மிச்ச நேரமெல்லாம் செய்தி. ஒருமுறை அவர் எனக்குக் கடிதம் எழுதினார். "எனக்குச் சம்பளம் வேண்டாம், ஒரு நியமனக் கடிதம் மட்டும் எடுத்துத் தாருங்கள். வழியில் மறித்தால் காட்டுவதற்கு ஒன்றுமில்லை" என்று. நிர்வாகத்திடம் கொண்டுபோனேன். ஒருவருக்குக் கொடுத்தால் எல்லோருக்கும் கொடுக்கவேண்டும், பின்னர் சேமலாப நிதி கேட்பார்கள், தொழில் நீதிமன்றம் போவார்கள் என்றார்கள். அந்தப் பதிலை நாகரிகமான தமிழில் எழுதி அவருக்கு அனுப்பியவன் நான்தான். 'தங்களது சேவையை நிறுவனம் பெரிதும் மதிக்கிறது' என்று தொடங்கிய ஞாபகம்.

அதற்கு அடுத்த வருடம், 1999 இல், சோதனைச் சாவடி ஒன்றில் அவர் தடுத்து வைக்கப்பட்டார். சட்டைப்பையில் செய்திக் குறிப்புகள் இருந்தனவாம். பத்திரிகை நிருபர் என்று சொல்லியிருக்கிறார். அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்து விசாரித்திருக்கிறார்கள். ஊழியர் இடாப்பில் அப்படியொரு பெயர் இல்லை என்று நிர்வாகத்திலிருந்து பதில் சொல்லப்பட்டது. அது பொய்யல்ல, இடாப்பில் பெயர் இல்லைத்தான். மறுநாள்தான் எனக்குத் தெரியவந்தது. ஆசிரியர் பல இடங்களுக்குப் பேசினார். ஊரில் ஒரு பாதிரியாரும் ஒரு சட்டத்தரணியும் அலைந்தார்கள். பதினேழு நாட்களின் பின்னர் அவரை விட்டார்கள். கைது பற்றிய செய்தி எமது பத்திரிகையின் உட்பக்கத்தில் வந்தது. இளைஞர் ஒருவர் கைது என்றுதான் போட்டோம். எமது நிருபர் என்று போடவில்லை. போடவேண்டாம் என்று எனக்கு எவரும் சொல்லவுமில்லை. இடாப்பில் இல்லாதவரை எப்படி அழைப்பது என்று நானே யோசித்து, நானே அப்படி எழுதினேன். அவர் வெளியில் வந்தபின் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அந்த மாத முடிவிலும் வழக்கம் போலத் தாளில் ஒட்டிய துண்டுகள் தபாலில் வந்தன. முன்னைய மாதங்களைவிடக் குறைவு.

பின்னர் நடந்தவை வாசகர்கள் அறிந்தவை. 2000 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தில் மயில்வாகனம் நிமலராஜன் ஊரடங்கு வேளையில் அவரது வீட்டிலேயே கொல்லப்பட்டார். 2004 மே மாதம் மட்டக்களப்பில் ஐயாத்துரை நடேசன். 2005 ஏப்ரலில் தராகி என்று அறியப்பட்ட சிவராம். 2006 ஜனவரியில் திருகோணமலையில் சுப்பிரமணியம் சுகிர்தராஜன்; அம்மாதத் தொடக்கத்தில் கடற்கரையில் கொல்லப்பட்ட ஐந்து மாணவர்களின் உடல்களைப் படம் பிடித்தவர் அவர். பட்டியல் இத்துடன் முடிவதில்லை. இந்தத் தொழிலின் ஆபத்தில் பெரும்பங்கைச் சுமந்தவர்கள் மாவட்டங்களிலிருந்து எழுதியவர்களே.

விந்தை என்னவென்றால், ஊடகக் கல்வி தமிழில் தழைக்கத் தொடங்கியதும் அதே ஆண்டுகளில்தான். களனியில் வெகுஜனத் தொடர்பாடல் ஒரு பட்டப் பாடமாக 1970களிலேயே வந்துவிட்டது. ஆனால் அது சிங்கள மாணவர்களுக்கே பயன்பட்டது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் இதழியல் டிப்ளோமாவை எமது சகாக்கள் சிலர் வேலை செய்துகொண்டே பயின்றனர். 2004 இல் கொழும்பில் இலங்கை இதழியல் கல்லூரி மும்மொழிகளிலும் வகுப்புகளை ஆரம்பித்தது. கோணேசபுரியில் அமைந்துள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் மொழிகளும் தொடர்பாடலும் பட்டப் படிப்பாயின. யாழ். பல்கலைக்கழகத்தில் ஊடக வளங்கள் பயிற்சி நிலையம் தோன்றியது. எங்களுக்குக் கிடைக்காதது இந்தப் பிள்ளைகளுக்குக் கிடைக்கிறதே என்று நாங்கள் மகிழ்ந்தோம். 2007 ஓகஸ்ட் முதலாம் திகதி, அந்த யாழ். நிலையத்தின் மாணவரான சகாதேவன் நிலக்சன் கொக்குவிலில் அவரது வீட்டு வாசலில் வைத்துச் சுட்டுக்கொல்லப்பட்டார். வயது இருபத்திரண்டு. அந்த வருடம் ஊடகக் கற்கைக்கு விண்ணப்பிக்க வேண்டாம் என்று பிள்ளைகளைத் தடுத்த பெற்றோரை எனக்குத் தெரியும். அவர்களைக் குறை சொல்ல நான் யார்?

இவ்வளவும் நினைத்துக்கொண்டுதான், இரண்டு நாட்களின் பின் நண்பருக்குத் தொலைபேசி எடுத்தேன். மகளிடமே கொடுக்கச் சொன்னேன். அவள் கொப்பியும் பேனையுமாக இருந்தாள் போலும். இடைக்கிடை "ஒருக்கா திரும்பச் சொல்லுங்க அங்கிள்" என்றாள்.

பட்டதாரி நியமனத்துக்குக் காத்திருப்பதே முதல் வழி என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள் என்றேன். இசைவாகவே அரசாங்கம் பட்டதாரிகளை அவ்வப்போது மொத்தமாகச் சேர்ப்பதும், பயிலுநராக இருத்தி அபிவிருத்தி உத்தியோகத்தராகப் பிரதேச செயலகத்துக்கு அனுப்புவதும் இந்நாட்டின் வழக்கம். 2017 இல் மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் வீதியில் இருந்தார்கள். 2020 இல் பெருந்தொகையானோர் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். எப்போது அடுத்த கதவு திறக்கும் என்று கூறமுடியாது. திறந்தாலும், நான்கு வருடம் கற்ற தொடர்பாடலுக்கு அங்கு வேலை இராது. மாவட்டச் செயலகங்களில் உள்ள ஊடகப் பிரிவுகள் மட்டும் விதிவிலக்கு. அவற்றில் இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை.

அவளுக்கு நான் சொன்ன இன்னொன்று அவளுக்கே சிரிப்பை வரவழைத்தது. இந்த நாட்டில் தொடர்பாடல் கற்கைப் பட்டதாரிக்கு மிகவும் பொருத்தமான அரசாங்க வேலை தொடர்பாடல் கற்பிப்பதுதான். 'தொடர்பாடலும் ஊடகக் கற்கையும்' சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் பாடமாக உள்ளது. பத்திரிகையே வராத கிராமத்துப் பாடசாலையிலும் பத்திரிகை எப்படித் தயாராகிறது என்று படிப்பிக்கலாம்.

தனியார் வானொலி, தொலைக்காட்சிகளை நான் குறைத்துச் சொல்லவில்லை. 1998 இல் சக்தியும் சூரியனும் வந்தபோது, அதுவரை பெரும்பாலும் அரச ஒலிபரப்பையே நம்பியிருந்த தமிழ் இளைஞர்களுக்குப் புதிய வாசல் திறந்தது. மட்டக்களப்பு, வவுனியா, பதுளைப் பிள்ளைகளின் குரல்கள் நாடு முழுவதும் கேட்டன. ஆனால் குரலுக்கும் முகத்துக்கும் சந்தையில் உள்ள ஆயுள் குறைவு என்பதையும் கண்டிருக்கிறேன். 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னர் சர்வதேசத் தொண்டு நிறுவனங்கள் தொடர்பாடல் அலுவலர்களைத் தேடியபோது, எமது ஆசிரியபீடத்திலிருந்தே திறமையான நால்வர் போய்விட்டனர். அங்கு ஒரு மாதச் சம்பளம் இங்கு பல மாதச் சம்பளம். அவர்கள் எழுதியவற்றை யார் வாசித்தார்கள் என்பது வேறு விடயம். அந்நிறுவனங்கள் பின்னர் ஒவ்வொன்றாக மூட்டை கட்டின. புலம்பெயர்ந்து பாரிஸிலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் பத்திரிகையும் வானொலியும் நடத்திய எமது நண்பர்களில் பலர், பகலிலோ இரவிலோ வேறு வேலை செய்தே அதனைச் செய்தார்கள். யூரியூப்பில் இன்று நன்றாகச் சம்பாதிக்கும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஏழை வீட்டுக் கண்ணீரைப் படம் பிடித்து வெளிநாட்டுப் பணம் திரட்டும் சிலரைப் பார்த்து எனக்குக் கோபம் வருவதுண்டு. ஆனால், கிராமத்துக் குளத்தையும் காணிப் பிரச்சினையையும் நேரில் போய்க் காட்டும் ஓரிருவரைப் பார்க்கும்போது, அந்த வேலையை நாங்கள் அடிமட்டத்தால் அளந்து குறைத்தவர்கள் அல்லவா என்ற எண்ணமும் வருகிறது.

எனது சொந்த அபிப்பிராயத்தைக் கேட்டாள். மொழிபெயர்ப்பு என்றேன். சிங்களத்தையும் ஆங்கிலத்தையும் செம்மையாகக் கற்றுக்கொள் என்றேன். 1987 இல் பதின்மூன்றாவது திருத்தத்தின் மூலம் தமிழும் அரச கரும மொழியானது. ஆனால் இன்றைக்கும் திணைக்களக் கடிதம் சிங்களத்தில் வருகிறது; பெயர்ப்பலகையில் தமிழ் கொலைசெய்யப்படுகிறது; ஆள் இல்லை என்பதே பதில். மூன்று மொழியும் தெரிந்த ஒருவருக்குப் பத்திரிகையிலும் வேலை உண்டு, நீதிமன்றத்திலும் உண்டு, வங்கியிலும் உண்டு. பத்திரிகை கைவிட்டாலும் மொழி கைவிடாது. கொவிட் காலத்திலும், 2022 இல் அச்சுத்தாள் தட்டுப்பாட்டில் பக்கங்கள் குறைந்தபோதும், வேலையிழந்த எனது சகாக்களில் தப்பிப்பிழைத்தவர்கள் மொழிபெயர்க்கத் தெரிந்தவர்களே.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்:

"எனக்கு ரிப்போர்ட்டிங்தான் விருப்பம் அங்கிள். கொழும்பில ஒரு இடத்துக்கு அப்ளிகேஷன் போட்டு இன்டர்வியூவுக்கும் கூப்பிட்டிருக்காங்க. அப்பா ஒண்டே ஒண்டுதான் கேக்கச் சொல்றார். நியமனக் கடிதம் தருவாங்களா?"

பின்னணியில் அவர் இருமுவது கேட்டது. பக்கத்தில்தான் இருந்திருக்கிறார். கேள்வியை அவர் கேட்கவில்லை; மகளைக் கொண்டு கேட்பித்தார். அல்லது அவளாகவே கேட்டிருக்கவும் கூடும். இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாக எங்கள் இருவருக்குமிடையில் பேசப்படாமல் கிடந்த அந்தக் கடிதத்தைப் பற்றி அவர் வீட்டில் என்ன சொல்லியிருக்கிறார் என்று எனக்குத் தெரியாது.

"வேலைக்குச் சேருமுன்னம் கேள். தராவிட்டால் சேராதே. பதவியின் பெயர், சம்பளம், சேமலாப நிதி மூன்றும் எழுத்தில் இருக்கவேண்டும். அடையாள அட்டையும் கேள்" என்றேன். பின்னர் தொலைபேசியை அப்பாவிடம் கொடுக்கச் சொல்லி, 1998 இல் நான் அவருக்கு எழுதிய பதிலைப் பற்றியும், கைதுச் செய்தியில் நான் விட்ட சொல்லைப் பற்றியும் பேசினேன். அவர் நடுவில் மறித்து, "அதெல்லாம் விடுங்க அண்ணன், அப்ப எல்லாருக்கும் அப்படித்தானே" என்றார். விடும்படி அவர் சொன்னதால் அது விடுபட்டுவிடும் என்று நான் நினைக்கவில்லை.

மூன்று வாரங்களின் பின் அவள் கடிதத்தைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை வாசித்தேன். பயிலுநர் செய்தியாளர், ஆறு மாத நன்னடத்தைக் காலம், சேமலாப நிதி உண்டு. சம்பளம் சொல்லிக்கொள்ளும்படியாக இல்லை. கொழும்பில் அறை வாடகையும் சாப்பாடும் போக மிச்சம் இராது. இரண்டாம் பந்தியில் ஓர் எழுத்துப்பிழை இருந்தது. அதைத் திருத்தித் தரச்சொல்லிக் கேட்கும்படி அவளுக்குப் பதில் அனுப்பினேன்.